அரிசியில் எழுதப்பட்ட பெயர்: புனேயில் பெயர் மாற்றத்தின் வரலாறு

மேற்கு மகாராஷ்டிரத்தில், குறிப்பாகப் புனே நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், ஒருவரின் முழுப்பெயர் மூன்று உறுப்புகளைக் கொண்டது: முதலில் அவருக்கு இடப்பட்ட பெயர், அடுத்துத் தந்தையின் பெயர், இறுதியில் 'ஆட்நாவ்' எனப்படும் குடும்பப்பெயர். ஆணுக்கு இம்மூன்றும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்க, பெண்ணுக்கோ திருமண நாளன்று தந்தையின் பெயர் இருந்த இடத்தில் கணவரின் பெயரும், பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருந்த இடத்தில் புகுந்த வீட்டுக் குடும்பப்பெயரும் வந்து அமர்ந்தன. பல குடும்பங்களில், முக்கியமாகப் பிராமணர் உள்ளிட்ட மேல்சாதியினரிடையே, தாய் தகப்பன் ஆசையாய் இட்டு அழைத்த முதற்பெயரும் சேர்ந்தே மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் மணமான பெண்ணின் தலைப்பெழுத்தோடு நின்றுவிடுகிற மாற்றம் புனேயில் பெயரின் ஓரெழுத்தையும் விட்டுவைக்காமல் போயிருக்கிறது. ஒருவருக்குப் பெயர் வைக்கவும் வைத்த பெயரை அழிக்கவும் யாருக்கு உரிமை இருந்தது, அவ்வுரிமை எவ்வழியாக, எவ்வளவு தயக்கத்தோடு பெயருக்கு உரியவரின் கைக்கு வந்தது என்பதைப் படித்தறிய இந்நகரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை.

குடும்பப்பெயர் என்பதே இங்கு நிலையான பொருளாகத் தொடங்கவில்லை. மராத்திய அரசின் காலத்தில் ஒருவரை ஊராலும் தொழிலாலும் பதவியாலும் அடையாளம் கண்டனர். ஊர்ப்பெயரோடு 'கர்' என்னும் ஈறு சேர்ந்தால் அவ்வூரார் என்று பொருள். கிராமக் கணக்கர் குல்கர்ணி, ஊர்த்தலைவர் பாட்டீல், பல ஊர்களடங்கிய பர்கணாவின் தலைவர் தேஷ்முக், அதன் கணக்கர் தேஷ்பாண்டே, கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர் சிட்னிஸ் எனப்பட்டனர். இப்பதவிகள் 'வதன்' என்ற முறையில் நிலத்தோடும் வருவாயோடும் சேர்ந்து தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியமையால், பதவியின் பெயரைத் தாங்குவது உரிமைக்குச் சான்றாகவும் ஆயிற்று. நிலத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத குடும்பம் பெயரையும் விட்டுக்கொடுக்கவில்லை. கொங்கணக் கடற்கரையின் ஸ்ரீவர்தனிலிருந்து வந்து 1713இல் பேஷ்வா பதவியேற்ற பாலாஜி விஸ்வநாத்தின் குடும்பப்பெயர் பட். அவருடைய வழித்தோன்றல்களை வரலாறு அறிந்திருப்பதோ பேஷ்வாக்கள் என்றுதான். நானா பட்ணவீஸ் என்று நாடெங்கும் பெயர்பெற்ற பாலாஜி ஜனார்தனின் குடும்பப்பெயர் பானு என்பதும், பட்ணவீஸ் என்பது அவர் வகித்த கணக்குத் துறைப் பதவியின் பெயர் என்பதும் இன்று பலருக்கு நினைவில்லை. குல்கர்ணி வதன்கள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், வருவாய்ப் பாட்டீல் பதவி 1962ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிக்கப்பட்டன. பதவி போன பின்னும் பெயர்கள் மட்டும் தழைத்து நிற்கின்றன.

அதிகாரத்தில் இருந்தோர் பெயர் மட்டுமல்லாமல் அவர்களுக்குப் பணி செய்தோர் பெயரும் இப்படித்தான் பிறந்தது. சாத்தாரா வட்டாரத்துக் கட்குணைச் சேர்ந்த, கோர்ஹே என்னும் குடும்பப்பெயருடைய தோட்டக்காரக் குடும்பம் ஒன்று புனேக்குக் குடிபெயர்ந்து, கடைசிப் பேஷ்வாவின் அரண்மனைக்குப் பூக்கள் கொடுத்து வந்ததால் 'புலே' என்று அழைக்கப்பட்டது. அக்குடும்பத்தில் 1827இல் பிறந்த ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும் 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். அரண்மனைக்குப் பூக்கொடுத்ததைக் குறித்த அந்தத் தொழிற்பெயர், 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்குச் சாவித்ரிபாய் புலேயின் பெயர் சூட்டப்பட்டபோது, அறிவுக்கான பெயராக நகரத்தின் முகப்பில் ஏறியது. இப்பெயரை அக்குடும்பம் தேர்ந்துகொள்ளவில்லை. வந்து ஒட்டிய பெயருக்குப் புதிய பொருளை அவர்களே உழைத்துச் சேர்த்தனர்.

பழைய மராத்தி ஆவணங்களில் மகனைத் தந்தையோடு இணைக்க 'பின்', 'வலத்' ஆகிய சொற்களும், பெண்ணைக் கணவரோடு இணைக்க 'கோம்', 'பிரதார்' ஆகிய சொற்களும் எழுதப்பட்டன. முன்னவை பாரசீக ஆட்சிமொழியின் வழியாக வந்து மராத்தி எழுத்தர் கையில் பழகிப்போனவை. ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிப் பதிவேடு வந்து சேர்ந்தபோது பெயர் வைக்கும் அதிகாரத்தின் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. எழுதுபவர் எழுதியதே பெயராக நின்றது. சக்பால் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் 1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டபோது பதிவேட்டில் ஏறிய பெயர் பீவா ராம்ஜி அம்பேத்கர். மூதாதையர் ஊரான அம்படவேயின் நினைவாக வந்த அப்பெயரையே பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் உலகறியத் தாங்கினார்.

ஆயினும் பெயர் மாற்றத்தின் வரலாறு மிக ஆழமாகப் பதிந்திருப்பது பள்ளியிலோ அரண்மனையிலோ இல்லை, திருமண வீட்டில்தான். மணமகள் புகுந்த வீட்டு வாசலில் அரிசி நிறைத்து வைத்த 'மாப்' என்னும் படியை வலக்காலால் மெல்லத் தட்டிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவாள். பின்னர் லட்சுமி பூஜை நடக்கும். தாம்பாளம் ஒன்றில் அரிசியைப் பரப்பி, பொன் மோதிரத்தால் மணமகன் அதில் அவளது புதிய பெயரை எழுதுவான். அப்பெயரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கணவரோ மாமனார் மாமியாரோ. எழுதும்வரை மணமகளுக்கே அது தெரியாமல் இருந்த திருமணங்கள் உண்டு. விரலால் ஒருமுறை தடவினால் அழிந்துவிடக்கூடிய அந்த எழுத்து, பத்துப் பதினோரு ஆண்டுகள் ஒரு சிறுமியை அவள் வீட்டார் அழைத்துவந்த பெயரை ஒரே மாலையில் இல்லாமலாக்கியது. மங்கலச் சடங்கு என்ற அளவில் இதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் இச்சடங்கு குழந்தை மணம் வழக்கில் இருந்த சமூகத்தில் நடந்தது என்பதை மறந்துவிட்டு இதனை மதிப்பிடுவது நேர்மையாகாது.

பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வழக்கத்தின் பரப்பு விளங்கும். பால கங்காதர திலகரை 1871இல் மணந்த சிறுமியின் பெயர் தாபி. மணமான பின் அவர் சத்தியபாமா. திலகருக்கு இடப்பட்ட பெயர் கேசவ் என்பதையும், சத்தியபாமா கண்ணனின் துணைவி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். கவிஞர் நாராயண் வாமன் திலக்கை மணந்த மனகர்ணிகா, நாராயணனுக்கு ஏற்ற லட்சுமி ஆனார். அப்பெயரில்தான் அவர் பின்னாளில் 'ஸ்மிருதிசித்ரே' என்னும் தன்வரலாற்றை எழுதி மராத்தி உரைநடையின் தலைசிறந்த எழுத்தாளர்களுள் ஒருவரானார். யமுனா என்ற பெயரோடு 1865இல் பிறந்த ஒரு சிறுமி, ஒன்பது வயதில் கோபால்ராவ் ஜோஷியை மணந்து ஆனந்தி ஆனார். கடல் கடந்து பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1886இல் பட்டம் பெற்று, 1887 பிப்ரவரியில் புனேயில் காலமானார். அவரது சாம்பல் அமெரிக்கத் தோழியான கார்ப்பெண்டர் அம்மையாரின் குடும்பக் கல்லறையில், நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சியில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள கல்லிலும் இருப்பது கணவர் வைத்த பெயரே.

ஆனந்திக்குச் சில ஆண்டுகள் மூத்த இன்னொரு யமுனாவும் இருந்தார். குர்லேகர் குடும்பத்து அச்சிறுமியை 1873இல், பதினோரு வயதில், முதல் மனைவியை இழந்திருந்த மகாதேவ் கோவிந்த் ரானடே மணந்தார். புனேயில் நீதிபதியாக இருந்த ரானடேக்கு அப்போது வயது 31. விதவை மறுமணத்துக்காகப் பேசிவந்த அவர், தந்தையின் வற்புறுத்தலுக்குப் பணிந்து ஒரு சிறுமியை மணந்தது சீர்திருத்த இயக்கத்தின் மாறாத வடுக்களுள் ஒன்று. யமுனா, ரமாபாய் ஆனார். அவர் 1910இல் வெளியிட்ட மராத்தி நினைவுக்குறிப்பில் ஒரு காட்சி வருகிறது: மணமான புதிதில் ரானடே அவரிடம், தான் யார் என்றும் தன் பெயர் என்ன என்றும் தெரியுமா எனக் கேட்கிறார், சிறுமி தான் கேள்விப்பட்டவாறு அவருடைய பெயரைச் சொல்கிறார். கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடு மகாராஷ்டிரத்திலும் தமிழகத்தைப் போலவே வலுவாக இருந்த காலத்தில், கேட்டவர் செய்ததும் சொன்னவர் செய்ததும் சிறிய செயல்களாக எண்ணத்தக்கவை அல்ல. அதன்பின் ரானடே அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1909இல் ரமாபாய் புனே சேவாசதனத்தின் தலைவியாகப் பல்லாயிரம் பெண்களின் கல்விக்கு வழி திறந்தார். இருந்தும், கணவரின் பெயரைத் தெரியுமா என்று வினவப்பட்ட அச்சிறுமியின் சொந்தப் பெயர் அதற்குள் மறைந்துபோயிருந்தது.

கணவன் பெயரைச் சொல்லாத கட்டுப்பாட்டுக்கு மராத்தியப் பெண்கள் கண்ட இனிமையான வாயில் 'உகாணா'. திருமணம், வளைகாப்பு, மஞ்சள் குங்குமம் வழங்கும் விழா போன்ற நாட்களில் சுற்றியிருப்போர் வற்புறுத்த, எதுகை அமைந்த ஈரடியொன்றைக் கட்டி அதன் நடுவே கணவரின் பெயரைப் பொதிந்து சொல்வார்கள். இதற்கு 'நாவ் கேணே', அதாவது பெயர் எடுத்தல், என்று பெயர். சொல்லக்கூடாத பெயரைச் சொல்லும் அந்த ஒரு நொடிக்குப் பாட்டும் சிரிப்பும் துணை நின்றன. பெயர் சூட்டலிலும் பெண்களுக்கு ஓரிடம் இருந்தது. குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாளையொட்டி நடக்கும் 'பாரசே' விழாவில் குழந்தையின் காதில் முதன்முதலாகப் பெயரைச் சொல்லும் உரிமை தந்தையின் உடன்பிறந்தாளான அத்தைக்கே உரியது. ஒரு பெண் பிறர் குழந்தைக்குப் பெயர் ஓதலாம், தன் பெயரைத் தான் காத்துக்கொள்ள முடியாது என்ற முரண் அவ்வீடுகளுக்குள் இருந்தது.

எல்லாப் பெயர் மாற்றங்களும் இழப்பாக இருக்கவில்லை. எட்டு வயதில் கைம்பெண்ணான கோதுபாய், பண்டித ரமாபாயின் சாரதா சதனம் என்னும் பள்ளியில் சேர்ந்த முதல் விதவை மாணவி. 1893 மார்ச் 11 அன்று அவரைப் பேராசிரியர் தோண்டோ கேசவ் கார்வே புனேயில் மறுமணம் செய்துகொண்டபோது அவருக்கு ஆனந்திபாய் என்று பெயரிடப்பட்டது. சமூகம் விலக்கிவைத்த கைம்பெண்ணின் பெயரை விட்டு வெளியேறிய அவருக்கு இப்பெயர் தண்டனையாக இருந்திருக்க முடியாது. ஹிங்ணேயில் கார்வே நிறுவிய பெண்கள் ஆசிரமத்தாரோ அவரை 'பாயா' என்றே அழைத்தனர்; இன்றும் அவர் பாயா கார்வேதான். சாரதா சதனத்தை நடத்திய பண்டித ரமாபாய் இன்னும் தெளிவான சான்று. 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவரது வடமொழிப் புலமைக்கு அளித்த பட்டம் பண்டிதா. அதன்பின் அவர் வங்காளி ஒருவரை மணந்தார், கைம்பெண்ணானார், 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்று மேரி ரமா என்ற பெயரையும் ஏற்றார். கணவர் பெயரும் ஒட்டவில்லை, திருமுழுக்குப் பெயரும் ஒட்டவில்லை. கல்வியால் வந்த பெயர் நிலைத்தது. நகரத்தின் பெயர் வரலாற்றில் ஒரு பெண் தான் ஈட்டிய பெயரால் மட்டும் அறியப்பட்டது இவரிடமிருந்தே தொடங்குகிறது என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்த கட்டம் எழுத்தில் வந்தது. மராத்திக் கவிஞர் புனைபெயரை உறவிலிருந்து உருவாக்கிக்கொள்ளும் வழக்கம் கொண்டிருந்தனர்: கேசவின் மகனான கிருஷ்ணாஜி கேசவ் தாம்லே 'கேசவசுத்' ஆனார், புனேயில் 1912 பிப்ரவரி 27 அன்று பிறந்த கஜானன் ரங்கநாத் ஷிர்வாட்கர், உறவினருக்குத் தத்துச் சென்றபோது விஷ்ணு வாமன் ஷிர்வாட்கர் என்று மாறி, கவிதையில் தன் தங்கை குசுமின் பெயரைக் கொண்டு 'குசுமாக்ரஜ்', அதாவது குசுமின் அண்ணன், என்று கையெழுத்திட்டார். முதலிரு பெயர்களைப் பிறர் தந்தனர். மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டார். பெண்ணை ஆணின் பெயரால் அடையாளம் காட்டிய ஒரு சமூகத்தில், ஞானபீட விருது பெற்ற ஒரு பெருங்கவிஞர் தம் தங்கையின் பெயரால் அறியப்பட விரும்பியது மனம் நெகிழச் செய்வது; அவரது பிறந்தநாளே இன்று மராத்தி மொழி நாள்.

பெண் எழுத்தாளருக்குப் புனைபெயர் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அவருக்கு அது காப்பும் ஆயிற்று. 1933இல் 'களியாஞ்சே நிஷ்வாஸ்' என்ற சிறுகதைத் தொகுப்பு விபாவரி ஷிரூர்கர் என்னும் பெயரில் வெளிவந்தது. படித்து, வேலைக்குப் போய், குடும்பத்தைத் தாங்கி, திருமணம் தள்ளிப்போன இளம்பெண்களின் ஏக்கங்களையும் உடலின் தேவைகளையும் மறைக்காமல் அக்கதைகள் பேசியதால் பெரும் பரபரப்பு எழுந்தது. எழுதியது யார் என்ற கேள்வி ஊரெங்கும் சுற்றியது. எழுதியவர் ஹிங்ணேயில் கார்வேயின் பள்ளியில் படித்து அங்கேயே பணிசெய்த பாலுதாய் கரே. 'விபாவரி' இரவைக் குறிக்கும் சொல். 'ஷிரூர்கர்' என்பதற்கு அவர் வளர்ந்த, புனே மாவட்டத்தின் ஷிரூர் ஊரே அடிப்படை. ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்க்கும் பழைய முறையையே அவரும் கையாண்டார். வேறுபாடு, அப்பெயரை அரசோ கணவரோ தராமல் அவரே படைத்துக்கொண்டதில் இருந்தது. 1938இல் விஷ்ராம் பேடேகரை மணந்தபின் வழக்கப்படி அவர் மாலதி பேடேகர் ஆனார். பெற்றோர் தந்த பெயர், தானே எடுத்த பெயர், திருமணம் தந்த பெயர் என மூன்று பெயர்களில் வாழ்ந்தவரை மராத்தி வாசகர் இன்றும் நடுப்பெயரால்தான் நினைவுகூர்கின்றனர். முகத்தை மறைத்துக்கொண்டபோதுதான் அவரால் உண்மையைச் சொல்ல முடிந்தது என்பது அக்காலப் புனேயின் மீதான கடுமையான தீர்ப்பு. இதே மாவட்டத்து இந்தாபூரில் பிறந்த கவிஞர் சாந்தா ஷெல்கே திரைப்பாடல்கள் சிலவற்றை எழுத டாக்டர் வசந்த் அவஸரே என்னும் ஆண்பெயரை ஏற்றதும் இவ்வரிசையில் சேர்வதே.

மணமான பின்னும் முதற்பெயரை இழக்காதவர்களும் இருந்தனர். பர்மாவின் ஐராவதி ஆற்றின் நினைவாகப் பெயரிடப்பட்டு 1905இல் அங்கே பிறந்த இராவதி, கார்வேயின் மகன் தினகரை மணந்தபோது குடும்பப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். புனே டெக்கான் கல்லூரியில் மானிடவியலும் சமூகவியலும் கற்பித்த அவர் 1953இல் வெளியிட்ட நூல், இந்தியாவின் உறவுமுறை அமைப்புகளைப் பற்றிய ஆய்வில் இன்றும் தொடக்கப் புள்ளியாக உள்ளது.

புனேக்கும் தமிழுக்கும் இடையே பெயர்கள் போய்வந்த பாதை ஒன்றும் உண்டு. புனே மாவட்டத்துச் சிவநேரிக் கோட்டையில் பிறந்த மன்னரின் வேடத்தை அண்ணாவின் நாடகத்தில் ஏற்று நடித்த வி. சி. கணேசனுக்கு, 1940களில் பெரியார் வழங்கியதாகச் சொல்லப்படும் பெயர் 'சிவாஜி'. புரந்தர் வட்டத்து மாவடி கடேபடார் ஊரில் வேர்கொண்ட மராத்தியக் குடும்பத்தின் மகன் சிவாஜி ராவ் கெய்க்வாட், 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காகக் கே. பாலசந்தரிடம் வந்தபோது, தமிழ்த்திரையில் ஏற்கெனவே ஒரு சிவாஜி இருந்தமையால் ரஜினிகாந்த் ஆனார். மராத்தியர் தம் மன்னரின் பெயரை விடவும், தமிழர் அதைத் தாங்கவும் நேர்ந்தது திரை செய்த விந்தை. தமிழகத்தின் பெரிய பெயர் மாற்றமோ வேறு திசையில் சென்றது: 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னொட்டாக வரும் சாதிப்பட்டத்தைக் கைவிடத் தீர்மானித்தது. மகாராஷ்டிரத்தில் குடும்பப்பெயர் அப்படியே நின்றதால், அங்கு ஒருவரின் பெயரைக் கேட்டதும் சாதியை ஊகிப்பது இன்றும் பலருக்குப் பழக்கமாக இருக்கிறது.

இன்று பெயரை மாற்ற விரும்பும் எவரும் உரிய சான்றுகளோடு விண்ணப்பித்து, மகாராஷ்டிர அரசிதழின் இரண்டாம் பகுதியில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே அச்சாகும்படி அறிவிப்பு வெளியிடலாம். விண்ணப்பமும் இணையவழியிலேயே ஏற்கப்படுகிறது. மணமானதால் பெண் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அரிசியில் எழுதும் சடங்கு இன்றும் நடக்கிறது; ஆனால் பல மணமக்கள் பழைய முதற்பெயரையே அதில் எழுதிக் கொள்கின்றனர். காரணம் கொள்கை மட்டுமன்று: பட்டச் சான்றிதழ், வருமான வரி அட்டை, கடவுச்சீட்டு, அலுவலக மின்னஞ்சல் முகவரி ஆகியவை ஒரு பெயரில் இருக்க, வீட்டில் இன்னொரு பெயரைக் கொள்வது ஹிஞ்சவடியின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பெருஞ்சுமை. கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது அச்சுமையில் ஒரு பகுதியை இறக்கியது.

இணையம் பாலுதாய் கரேயின் வழியை எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று சொல்லலாம். தானே படைத்த பெயரில் எழுத இன்று பதிப்பாளரின் ஒத்துழைப்பு தேவையில்லை. எனினும் முகநூல் நிறுவனம் உண்மைப் பெயரையே பதிவுசெய்ய வேண்டுமென வற்புறுத்தியபோது, அமெரிக்காவில் பெண்வேடக் கலைஞர்களும் பழங்குடியினரும் 2014இல் போராடினர். நிறுவனத்தாரின் கண்ணுக்கு உண்மைப் பெயராகத் தோன்றாதவை அவர்களுக்கு உயிரான பெயர்களாக இருந்தன. 2015இல் நிறுவனம் விதியைச் சற்றே தளர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில்தான் இந்திய உச்ச நீதிமன்றம், திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை ஒவ்வொருவர் வாழ்விலும் நடைமுறைக்கு வருவது முதலில் ஒரு பெயர் மாற்றத்தின் வடிவில்தான்.

மகாராஷ்டிர அமைச்சரவை 2024 மார்ச்சில் எடுத்த முடிவின்படி, அவ்வாண்டு மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயர், குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசையில் பள்ளி ஆவணங்களிலும் பிற அரசு ஆவணங்களிலும் பதியப்பட வேண்டும். இடப்பட்ட பெயருக்கு அடுத்த இடத்தில் தந்தையின் பெயரையே கண்டிருந்த பதிவேட்டில் தாய் இப்போது தந்தைக்கும் முன்னால் வந்து நிற்கிறாள். மணமான பெண்களைப் பொறுத்தவரை அதே முடிவு, தன் பெயர், கணவர் பெயர், குடும்பப்பெயர் என்ற பழைய வரிசையைத் தொடரவிட்டது. திருமணத்துக்கு முந்திய பெயரைச் சொத்து ஆவணங்களில் பதிந்துகொள்ள மட்டும் அவர்களுக்கு இடமளித்தது.